மலையூரில் இருபத்தெட்டு நாள்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. நான் தமிழாசிரியை, அவர் கூட்டுறவு வங்கியில் இருந்தவர். போன வருடம் பன்னிரண்டு நாள் ஐரோப்பா டூர் போய் வந்தோம். பாதி ஐரோப்பாவை பஸ் ஜன்னலில்தான் பார்த்தோம். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போகிற வழியில் ஒரு சாயங்காலம் பாறை மேல் ஒரு ஊர் தெரிந்தது. விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே யார் இருப்பார்கள், ராத்திரிக்கு என்ன சமைப்பார்கள் என்று கைடிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஊரைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அந்த மாதிரி ஓர் ஊரில் ஒரு மாதம் சும்மா இருந்து பார்க்க ஆசை. மியூனிக்கில் இருக்கும் மகள் 'இரண்டாம் நாளே போரடிக்கும்' என்கிறாள். கணவருக்கு மூட்டு வலி, கொஞ்சம் பிரஷர். இருவரும் சைவம், முட்டைகூடக் கிடையாது. இத்தாலிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. ரீல்ஸில் சிவிதா என்று ஓர் ஊரைக் காட்டுகிறார்களே, அங்கே தங்கலாமா? அந்த ஊர்க்காரர்கள் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஓர் ஊகம். ரோமை விட்டு ஏ1 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது, நூறு கிலோமீட்டர் தாண்டியதும் இடது கைப்பக்கம், சுவர் வைத்த மாதிரிச் செங்குத்தாக நிற்கும் பாறை மேல் நீங்கள் பார்த்த ஊர் ஓர்வியெட்டோவாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றாலும் பரவாயில்லை, நான் உங்களை அனுப்பப் போவது அங்கேதான்.

இருபது வருடமாகப் பயண ஏற்பாடு செய்கிற தொழிலில் இருக்கிறேன். 'மலையூரில் கொஞ்ச நாள்' என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது எனக்கே வியாபாரத்துக்கு ஆகாத விஷயம். இத்தாலியின் பல மலையூர்களில் அன்றாட வாழ்க்கை மேலே இல்லை, கீழே இறங்கிவிட்டது. பாதுகாப்புக்காகவும் பள்ளத்தாக்கின் மலேரியாவுக்குப் பயந்தும் ஒரு காலத்தில் குன்றின் மேல் ஏறியவர்கள், காய்ச்சலும் சண்டையும் போனபின் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். நிலச் சொந்தக்காரருக்குப் பாதி, உழுதவனுக்குப் பாதி என்று நம்மூர் வாரம் போலவே அங்கே நடந்த மெட்சாத்ரியா குத்தகை முறையில் புதிய ஒப்பந்தம் போடக் கூடாது என்று 1964இல் சட்டமே வந்தது. அதற்கு முன்பிருந்தே பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, கார் நிறுத்த இடம் எல்லாம் சமவெளிக்கு வந்துவிட்டன. ஓர்வியெட்டோவிலும் ஆஸ்பத்திரி இப்போது பாறை மேல் கிடையாது, கீழே சிக்கோனியா என்ற பகுதியில் இருக்கிறது.

அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கோவிலையும் கோட்டையையும் பார்க்காதீர்கள். ஆணி, பல்பு, குழாய் வாஷர் விற்கிற ஹார்ட்வேர் கடை மதிலுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபெர்ரமென்தா' என்று பலகை இருக்கும். பட்டன், நூல், உள்பாடி விற்கிற கடை, முடி வெட்டும் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம் இவையும் இருந்தால் அங்கே ஆள் வாழ்கிறார்கள். பீங்கான் தட்டும் காட்டுப்பன்றி சாசேஜும் ஃப்ரிஜ்ஜில் ஒட்டும் காந்தமும் மட்டும் விற்றால் அது நாடக செட். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரை விழுந்துவிடும்.

ரீல்ஸில் நீங்கள் பார்த்த சிவிதா தி பாஞ்ஞோரேஜோ அந்த வகைதான். மண் சரிந்து சரிந்து மிச்சமிருக்கும் ஒரு திட்டு. வருடம் முழுக்க அங்கேயே இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்குள் நுழைய 2013 முதல் கட்டணம் வாங்குகிறார்கள். போவதற்கு ஒரே வழி, நீளமான நடைபாலம், அதுவும் கடைசியில் ஏற்றம். சார் மூட்டுக்கு ஆகாது. ஓர்வியெட்டோவிலிருந்து பாஞ்ஞோரேஜோவுக்கு பஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள். ஆசைக்கு ஒரு நாள் போய், பாலத்தின் இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். படத்தில் வருவது இந்தப் பக்கத்திலிருந்து தெரிகிற காட்சிதான்.

இனி மூட்டு. மலையூர் என்றாலே படி, ஏற்றம். ஆனால் ஓர்வியெட்டோ எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான ஒரு மேடை. ஏறுவதுதான் கஷ்டம், ஏறிவிட்டால் மேலே பெரும்பாலும் சமதரை. ஏறுவதற்கும் ரயில் நிலைய வாசலிலேயே ஒரு கயிற்று ரயில் இருக்கிறது. 1888இல் தொடங்கியபோது தண்ணீரின் எடையால் ஓடியது. மேல் பெட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்தில் கீழே இறங்கும், கீழ்ப் பெட்டி மேலே வரும். 1970இல் நிறுத்தி, 1990இல் மின்சாரத்தில் மறுபடி தொடங்கினார்கள். இரண்டு நிமிடம்தான். அங்கிருந்து சின்ன பஸ் கதீட்ரல் வாசல் வரை போகும். ஊரின் இன்னொரு முனையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ரோமிலிருந்து நேரடி ரயில், ஒன்றே கால் மணி நேரம். கார் எடுக்கவே வேண்டாம். எடுத்தால், மதிலுக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாத வீதிகளைக் கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்துக் கும்பகோணத்துக்கே வரும்.

ஒரே ஒரு குறை, ஊர் பிரபலம். பத்து மணி முதல் ஐந்து மணி வரை கதீட்ரல் பக்கம் கூட்டம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். பகலில் வந்தவர்கள் எல்லாரும் சாயங்கால ரயிலில் போனபின் ஊர் தன் ஆட்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது அந்த நேரம்.

எப்போது போவது? ஆகஸ்ட் கூடவே கூடாது. 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டி ஊர்க்காரர்களே கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மே நன்றாக இருக்கும். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது அக்டோபர் 10ஐ ஒட்டிப் போய் நவம்பர் 7 போலத் திரும்புவது. குளிரும், மழையும் பெய்யும், நல்ல ஸ்வெட்டரும் வழுக்காத செருப்பும் வேண்டும். சில காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் நிறைந்து, நீங்கள் நிற்கிற பாறை மட்டும் தீவு மாதிரி மிதக்கும். ஆலிவ் பறிக்கிற காலம் அது. புதுசாக ஆட்டிய எண்ணெய் தொண்டையில் காரமாக இறங்கும். நம் வீட்டில் புது நல்லெண்ணெய் வந்த நாள் மாதிரி ஊரே அதைப் பற்றித்தான் பேசும். நவம்பர் 2 இறந்தவர்களின் நாள். அதற்கு முன்னும் பின்னும் கை நிறைய செவ்வந்தியோடு மக்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அதனால் யார் வீட்டுக்காவது போகும்போது அழகாக இருக்கிறதே என்று செவ்வந்திக் கொத்து வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நம்மூரில் பூஜைக்கு வைக்கிற பூ அங்கே சாவுக்கு வைக்கிற பூ.

இருபத்தெட்டு நாள் என்று கணக்குப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது நாளுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை, வீட்டுக்காரர்கள் தயங்காமல் கொடுப்பார்கள். வீடு பியாட்சா தெல் போப்போலோ சதுக்கத்தைச் சுற்றி எடுங்கள். வியாழனும் சனியும் காலையில் அங்கேதான் சந்தை. 'முதல் மாடி' என்றால் ஒரு மாடி ஏறியாக வேண்டும். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது, படியும் செங்குத்து. தரைத்தளம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். விளம்பரத்தில் சி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய கால வாடகை வீடுகளுக்கு இப்போது அது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். போனதும் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் கேட்பார். சந்தேகப்பட வேண்டாம், தங்குகிறவர் விவரத்தைப் போலீஸுக்கு அனுப்புவது அவர் கடமை.

இப்போது உங்கள் மகள் சொன்ன 'போர்'. அவள் சொல்வது தப்பில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் போனால் இரண்டு நாளில் ஓர்வியெட்டோ தீர்ந்துவிடும். 1290இல் அஸ்திவாரம் போட்ட கதீட்ரல், அதற்குள் சின்யோரெல்லி வரைந்த கடைசித் தீர்ப்பு நாள் ஓவியங்கள், ஊருக்கடியில் குடைந்த குகைகள். ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்ன 53 மீட்டர் ஆழக் கிணறும் உண்டு. கழுதை இறங்க ஒரு சுழல் படி, ஏற இன்னொரு சுழல் படி, இரண்டும் எங்கேயும் சந்திக்காது. 248 படி என்பதால் சார் மேலே நின்று எட்டிப் பார்க்கட்டும். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் காலை என்ன செய்வீர்கள்?

வேலை வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் என்பது பார்க்கக் கிடைக்கிற காட்சி கிடையாது. காய் வாங்குவது, குப்பை போடுவது, கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்டுவது, தபால்தலை வாங்குவது என்று உங்களுக்கு அங்கே காரியம் இருந்தால்தான் அது கிட்டே வரும். நான் கும்பகோணம் வந்து மகாமகக் குளத்தைப் பார்த்துவிட்டுப் போனால் உங்கள் ஊர் எனக்குத் தெரியாது. உங்கள் தெருவில் பால் பாக்கெட் வராத ஒரு நாள் நானும் வாசலில் நின்று புலம்பினால் கொஞ்சம் தெரியும்.

அதனால் எதையும் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். நாலு தக்காளி வேண்டுமா, நாலே வாங்குங்கள், நாளைக்கு மறுபடி போக வேண்டி வரும். காய்கறிக் கடையில் கையால் தொட்டுப் பொறுக்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். 'இன்றைக்கா, நாளைக்கா?' என்று கேட்பார். இன்றைக்கே சமைப்பதென்றால் பழுத்தது, நாளைக்கென்றால் காய். நூறு கிராமுக்கு 'எத்தோ' என்று பெயர். கடையில் வரிசை என்று கோடு கட்டி நிற்க மாட்டார்கள், ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். உள்ளே நுழைந்ததும் 'கீ ஏ லூல்த்திமோ?' என்று கேளுங்கள். 'கடைசி ஆள் யார்?' ஒருவர் கை தூக்குவார், அவருக்குப் பின் நீங்கள். ரேஷன் கடையில் செருப்பை வைத்து இடம் பிடித்த தலைமுறை நாம், பழகிவிடும்.

காலையில் ஒரே பாருக்குப் போங்கள். அங்கே பார் என்றால் காபிக் கடை. நின்றுகொண்டு குடித்தால் காபி ஒன்றரை யூரோவுக்குள் முடியும், உட்கார்ந்தால் கூடும், அதுவும் சதுக்கத்தில் நாற்காலி போட்ட இடத்தில் நன்றாகவே கூடும். ஆனால் ஒரு வாரம் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் நின்று குடித்தீர்களானால் எட்டாம் நாள் கேட்காமலே கோப்பை வரும். இந்தப் பயணத்தில் காசு கொடுத்து வாங்க முடியாதது அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். கப்புச்சினோ காலையோடு சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பால் காபி கேட்டால் கொடுப்பார்கள், வயிறு என்னாகும் என்ற கவலையோடு. நீங்கள் நாலு மணிக் காபி வழக்கத்தை விட மாட்டீர்கள் என்று தெரியும். பில்டரும் பொடியும் எடுத்துப் போய் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மணிக்கு ஊர் படுத்துவிடும். கடைகள் பெரும்பாலும் நாலு, நாலரைக்குத்தான் திறக்கும். அதிலும் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் திறக்காத கடை உண்டு, ஞாயிறு பல கடைகள் திறப்பதே இல்லை. முதல் தடவை நான் போய் இறங்கியது ஞாயிறு மதியம். ஃப்ரிஜ்ஜில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அன்றைக்கு ராத்திரி ஊர்விட்டு ஊர் போன ஊறுகாய்தான் காப்பாற்றியது. நீங்கள் செவ்வாய் அல்லது புதன் காலை போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

ஐந்தரை, ஆறு மணிக்கு மறுபடி உயிர் வரும். கோர்ஸோ காவூர் என்ற நீள வீதியில் ஊரே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கும், திரும்பும், மறுபடி நடக்கும். வாங்க ஒன்றும் இருக்காது, போக இடமும் இருக்காது. தாத்தா கோட்டு போட்டிருப்பார், பாட்டி உதட்டுச்சாயம் பூசியிருப்பார். இந்த நடைக்குப் பெயர் பாஸெஜ்ஜாத்தா. நீங்கள் இருவரும் சாரங்கபாணி கோவில் வீதியில் நடப்பது போல, அவசரமில்லாமல், நல்ல புடவையோடு நடங்கள். டிராக் சூட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் உடற்பயிற்சி என்று விட்டுவிடுவார்கள். வியாழன் மத்தியானமும் ஞாயிறும் பெஞ்சுகளில் கிழக்கு ஐரோப்பியப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கலாம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், அவர்களுக்கு விடுமுறை அன்றைக்குத்தான். பிள்ளைகள் மிலானில், அம்மா மலை மேல், துணைக்கு ஒரு ருமேனியப் பெண். மகளை மியூனிக்குக்கு அனுப்பிவிட்டு இருக்கும் உங்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

சுவர்களையும் படியுங்கள். செத்தவர் பெயர், வயது, பிள்ளைகள் யார் யார், அடக்கம் எந்தக் கோவிலில் எத்தனை மணிக்கு என்று கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருப்பார்கள். நம்மூர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான், அளவு சின்னது, அரசியல்வாதி படம் கிடையாது. வயதானவர்கள் அதன் முன் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிப்பார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பெயர்களில் ஒன்று நீங்கள் காய் வாங்கும் கடைக்கு வருகிறவருடையதாக இருந்தாலும் இருக்கும். அன்றைக்குக் கடையில் என்ன பேசுகிறார்கள் என்று புரிய மொழி தேவைப்படாது.

மொழிக்கு வருகிறேன். நூறு வார்த்தை மனப்பாடம் பண்ண வேண்டாம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'புவோன்ஜோர்னோ', மத்தியானத்துக்குப் பின் 'புவோனசேரா'. இதைச் சொல்லாமல் நேராக 'தக்காளி' என்பது அங்கே மரியாதைக் குறைவு. நம்மூரில் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லும் வழக்கமில்லாததால் நம் ஆட்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 'சாவ்' என்பதை சினிமாவில் பார்த்துவிட்டு எல்லாரிடமும் சொல்லாதீர்கள். அது நெருங்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும். அவர்களுக்கும் நீ, நீங்கள் வித்தியாசம் உண்டு, 'தூ' என்றால் நீ, 'லேய்' என்றால் நீங்கள். எண்பது வயதுக்காரரைப் பார்த்து நீ என்றால் நமக்கு எப்படிக் கூசுமோ அப்படியே. இதை ஆங்கிலேயருக்குப் புரியவைக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன், தமிழாசிரியைக்கு ஒரு வரி போதும்.

சாப்பாடு நீங்கள் பயப்படுகிற அளவு கஷ்டமில்லை. அந்த வட்டாரத்துக் கைப்பாஸ்தா உம்பிரிச்செல்லி, மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டுவது, கிட்டத்தட்ட நம் கைச்சேவை. முட்டை கிடையாது. தக்காளி சாஸோடோ பூண்டு மிளகாயோடோ கேளுங்கள். தாலியாத்தெல்லே என்றால் முட்டை இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் மட்டும் போதாது, பன்றிக் கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போடுவதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சூப் எதில் கொதித்தது என்றும் கேளுங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் ஆவது, அது உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சந்தையில் முழுப் பன்றியை வாட்டி அறுத்து விற்கிற வண்டி நிற்கும், காற்று வீசும் பக்கம் பார்த்துத் தள்ளி நில்லுங்கள்.

ரொட்டியில் உப்பு இருக்காது. முதல் கடியில் 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்றுதான் தோன்றும். 1540இல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியைக் கூட்ட, பெருஜியா என்ற பக்கத்து நகரத்துக்காரர்கள் கலகம் செய்து தோற்றார்கள். அது முதல் வீம்புக்கு உப்புப் போடுவதை விட்டார்கள் என்பது ஊர்க்கதை. கலகம் நடந்தது உண்மை. ரொட்டிக்கும் அதற்கும் உள்ள உறவை வரலாற்றுக்காரர்கள் நம்புவதில்லை. உப்பில்லா ரொட்டி மேல் புது ஆலிவ் எண்ணெயை ஊற்றிப் பூண்டு தேய்த்தால் வேறு கதை. சாருடைய பிரஷருக்கும் நல்லது.

வீட்டில் சமைப்பதற்கு கஸ்தெல்லூச்சோ பயறு வாங்குங்கள். பொடிசாக இருக்கும், ஊற வைக்காமலே வேகும், சாம்பாருக்கு ஒத்துவரும். புளி, சாம்பார்ப் பொடி, பெருங்காயம் எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் தாவர ஆரோக்கியச் சான்று இல்லாத பச்சைச் செடியும் பயணப் பெட்டியில் வரக் கூடாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும், யாரோ நம்மவர் உட்கார்ந்து எழுதிய விதி மாதிரி.

அடுப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவத்தோடு. இத்தாலிய வீடுகளில் மின்சாரம் வழக்கமாக மூன்று கிலோவாட்தான். ஒரு சாயங்காலம் நான் இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வாஷிங் மெஷினையும் போட்டேன். தண்ணீர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது தெரியாது. பட்டென்று இருட்டு. மீட்டர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். போன் வெளிச்சத்தில் கற்படி இறங்கித் தடவிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து வந்தார். சுவிட்சைத் தூக்கிவிட்டு மூன்று விரலைக் காட்டினார். அடுப்பு என்று ஒரு விரலை மடக்கினார், மெஷின் என்று இன்னொன்று, ஹீட்டர் என்று மூன்றாவது. கையைத் திறந்து காட்டினார், காலி. மறுநாள் காலை பாரில் எனக்கு முன்பாகவே செய்தி போயிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் ஒருவர் மூன்று விரலைத் தூக்கினார். அதுவரை பத்து நாள் நான் அந்த ஊரில் கண்ணாடி மாதிரி இருந்தேன், என் வழியாகப் பார்த்தார்கள். அன்றிலிருந்து என்னைப் பார்த்தார்கள்.

சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். இருபத்தெட்டு நாளில் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே வீடு குடும்பத்துக்கு, ஊரோடு பழகுவது வீதியில். அடுத்த குன்றிலிருந்து கல்யாணம் பண்ணி வந்தவரையே 'வெளியூர்' என்று நாற்பது வருடம் சொல்கிற ஊர்கள் இவை. வாசலில் நின்று பேசுவது, காபிக்கு உங்கள் காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவது, தோட்டத்து அத்திப்பழத்தைக் காகிதப் பையில் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவது, இவ்வளவு நடந்தால் நன்றாகவே நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையைத் திருப்பித் தரும்போது வெறும் பையாகத் தரக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புடவையைத் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள், கொடுங்கள். மாடியில் காயும் துணியையோ கதவோரம் உட்கார்ந்த கிழவியையோ கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

விசா பற்றி எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மியூனிக்கில் இறங்கி மகளோடு நாலு நாள் இருந்தாலும், அதிக நாள் இத்தாலியில் என்பதால் இத்தாலிய விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஜூனில் தொடங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சாருடைய மாத்திரைகளை ஒரு மாதத்துக்கும் பத்து நாள் கூடுதலாக, கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரும் எழுதிய சீட்டோடு எடுத்துப் போங்கள். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடைக்காரர் பாதி டாக்டர், சின்ன உபாதைக்கு ஊர்க்காரர்களும் முதலில் அவரிடம்தான் போகிறார்கள். அவசரத்துக்கு 112.

மழை நாளுக்கு நூலகம் இருக்கிறது, கோர்ஸோ காவூரிலேயே 1866இல் திறந்த மான்சினெல்லி நாடகக் கொட்டகை இருக்கிறது, நிகழ்ச்சி இருந்தால் டிக்கெட் வாங்குங்கள். சாருக்கு பாரின் பின்மேசையில் பிரிஸ்கோலா என்ற சீட்டாட்டம் நடக்கும். வங்கிக்காரர், மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தால் விதியைப் பிடித்துவிடுவார். நாலாம் நாள் யாராவது ஒரு ஆள் வராமல் போவார்.

கடைசியாகக் குப்பை. போன உடனே வீட்டுக்காரரிடம் குப்பை அட்டவணையைக் கேட்டு வாங்கி ஃப்ரிஜ் கதவில் ஒட்டுங்கள். மக்குவது, பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி, மிச்சம் எல்லாம் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். முதல் வாரம் நீங்கள் தவறு செய்வீர்கள், பை வாசலிலேயே கிடக்கும், பக்கத்து வீட்டு அம்மாள் மணியடித்து விரலை ஆட்டுவார். கதவைத் திறந்து 'புவோன்ஜோர்னோ' என்று சொல்லிவிட்டு, பையை அவர் முன்னாலேயே பிரித்து எது எதில் என்று கேளுங்கள். புளிச் சக்கை எதில் போடுவது என்று அவருக்கும் தெரியாது.